தேனி வெயிலைத் தாங்குமா டீப்கூல் ஏகே400?

இன்டெல் ஐ5-12400 ப்ராசஸரோடு பெட்டியிலேயே வரும் கூலர் பில் போடவும் கணக்கு எழுதவும் போதும். கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால்தான் அதன் சாயம் வெளுக்கும். கோடை மதியத்தில், ஏசி இல்லாத தேனி மாடி அறையில், ஆறு கோரும் முழு மூச்சில் ஓடியபோது வெப்பம் 90 டிகிரியைத் தாண்டியது. இந்தச் சிப்புக்கு இன்டெல் வைத்திருக்கும் எல்லை 100. அதைத் தொட்டால் சிப் எரிந்துபோகாது, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேலை இழுக்கும், ஃபேன் அலறும்.

அந்தக் கூலரைக் கழற்றிவிட்டு டீப்கூல் ஏகே400 கூலரை மாட்டினோம். நான்கு செம்புக் குழாய்கள், அவற்றில் அடுக்கிய அலுமினியத் தகடுகள், பக்கவாட்டில் 120 மி.மீ. ஃபேன். அதே அறையில், அதே வீடியோவுக்கு வெப்பம் 70ஐ ஒட்டியே நின்றது. சத்தமோ மேலே ஓடும் சீலிங் ஃபேனோடு கலந்து காணாமல் போனது.

யூடியூபில் இதைவிடக் குறைந்த எண்களைப் பார்த்திருப்பீர்கள். அவை ஏசி அறைக் கணக்கு. எந்த ஏர் கூலரும் அறைக் காற்றின் வெப்பத்துக்குக் கீழே சிப்பைக் கொண்டுபோக முடியாது. அறை ஒரு டிகிரி சூடானால் சிப்பும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். 24 டிகிரி அறையில் எடுத்த அளவை 37 டிகிரி அறைக்குப் பொருத்த வேண்டுமானால் 13ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் கூலருக்கும் இதே விதிதான்.

வெயிலைவிடத் தொல்லை தூசி. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய்கள் வழியே இறங்கினால் செப்டம்பர்வரை வீசும். கண்டமனூர், ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பது அதை நம்பித்தான். ஜன்னலைத் திறந்தால் அறை குளிரும், ஆனால் தகடுகளின் இடுக்கில் மண் அப்பிக்கொள்ளும். கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி டேபிள் ஃபேன் வைப்பவர்களுக்கும் இதே கதிதான். ஏகே400இல் கம்பிக் கிளிப்பை நீக்கினால் ஃபேன் தனியாக வந்துவிடுவதால் ப்ளோயர் அடிப்பது சுலபம். இறக்கையை மட்டும் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டபடி சுழன்றால் பேரிங் கெடும்.

குறைகளும் உண்டு. உயரம் 155 மி.மீ. என்பதால் ஒல்லியான கேபினெட்டில் கதவு மூடாது. மதர்போர்டின் பின்பக்கம் தகடு பொருத்த வேண்டும். கேபினெட்டில் அதற்கான திறப்பு இல்லையென்றால் மதர்போர்டையே வெளியே எடுக்க நேரும்.

வாங்கும் முன் மூன்று வேலைகளைச் செய்து பாருங்கள். பழைய கூலரில் தூசி தட்டுங்கள். காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வையுங்கள். பயாஸில் மின் வரம்பை 65 வாட்டாக்குங்கள். எக்ஸ்போர்ட் சற்றுத் தாமதமாகும், சூடு நன்றாக இறங்கும். போடி, கம்பம் கடைகளில் பில் போடும் கம்ப்யூட்டருக்கு இதற்குமேல் தேவையில்லை. நாள் முழுக்க வீடியோ ஓட்டும் ஸ்டுடியோக்காரர்களுக்கு ஏகே400 கொடுத்த காசுக்கு மோசமில்லை; கூடவே முன்பக்கம் வலை ஃபில்டர் உள்ள கேபினெட்டாகப் பார்த்து வாங்குங்கள்.