பொறுத்தல் போதாது!

நோட்டுப் புத்தகம் ஒன்று நம் பார்வைக்கு வந்தது. எழுதியவர் முத்துப்பேட்டையைச் சேர்ந்த கல்லூரி மாணவர். அச்சேற்றும் எண்ணத்தோடு எழுதியதன்று. படித்த நூல், பார்த்த படம், தெருவிலே கண்ட காட்சி ஆகியவை பற்றி அவ்வப்போது உள்ளத்தில் எழுந்தவற்றைத் தேதியிட்டுக் குறித்து வைத்திருக்கிறார். படித்துப் பார்த்துக் கருத்துரைக்குமாறு கேட்டிருக்கிறார்.

முதுகிலே தட்டிக் கொடுத்து, ‘வாழ்க, வளர்க’ என்று எழுதித் திருப்பி அனுப்புவது எளிது. அது அந்த இளைஞருக்கு நாம் செய்யும் உதவியாகாது. அவர் எடுத்துக்கொண்ட பொருள் மதச் சகிப்பு. அதனைப் பற்றிச் சிந்திக்கத் துணிந்தவரைச் சிந்தனையாளராகவே நடத்த வேண்டும். ஆகவே நிறையும் கூறுகிறோம், குறையும் கூறுகிறோம்.

முத்துப்பேட்டை எத்தகைய ஊர்? முன்பு தஞ்சை மாவட்டத்தில் இருந்தது. இன்று திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. காவிரியின் கிளைகள் வயல்களுக்கெல்லாம் நீரூட்டிவிட்டுக் கடலைத் தேடி ஓடிக் கலக்குமிடம். ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் தென்னை, அப்பால் அலையாத்திக் காடு. இஸ்லாமியரும் இந்துக்களும் அடுத்தடுத்து வாழும் ஊர். அருகிலுள்ள சாம்பவானோடை தர்காவுக்கு எல்லா மதத்தாரும் செல்கின்றனர். அதே ஊரிலேதான் 1990-களிலிருந்து விநாயகர் ஊர்வலம் என்றால் கடைகளின் கதவு சாத்தப்படுவதும், காவலர் படை வந்து குவிவதும், ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதும் வழக்கமாகிவிட்டன.

மாணவரின் குறிப்புகளில் நம்மை முதலில் ஈர்த்தது இந்த முரண்பாட்டை அவர் பார்த்திருக்கும் பார்வைதான். ஆண்டு முழுவதும் மாமா என்றும் மச்சான் என்றும் முறை வைத்து அழைப்பவர்கள், அந்த ஒரு நாளில் மட்டும் ஒருவரையொருவர் ஏறிட்டுப் பார்க்கவும் தயங்குவது ஏன் என்று கேட்கிறார். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வீசியபோது, தென்னைக்கு உரியவன் யாரென்று கேட்டுவிட்டா காற்று மரத்தைச் சாய்த்தது என்றும் கேட்கிறார். நல்ல கேள்விகள்! மேடைப் பேச்சாளர் பலர் ஒரு மணி நேரம் முழங்கியும் தொடாத இடத்தை இரண்டே வரியில் தொட்டுவிட்டார்.

கேள்வி சிறந்தது, விடையிலேதான் நாம் மாறுபடுகிறோம். எல்லாவற்றுக்கும் மருந்தாக அவர் கண்டிருப்பது சகிப்புத்தன்மை. ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டால் போதும் என்று முடித்திருக்கிறார்.

பொறுத்துக்கொள்வதா? எதைப் பொறுத்துக்கொள்கிறோம்? பல்வலியைப் பொறுத்துக்கொள்கிறோம். கொசுக்கடியைப் பொறுத்துக்கொள்கிறோம். பக்கத்து வீட்டுக்காரன் பல்வலியா? எதிர்வீட்டுத் தாய் கொசுக்கடியா? சகிப்பு என்ற சொல்லுக்குள்ளே ஒருவன் மேலே நிற்கிறான், ஒருவன் கீழே நிற்கிறான். மேலே நிற்பவன் மனமிரங்கி விட்டுக்கொடுக்கிறான். கீழே நிற்பவன் நன்றி கூறுகிறான். மனம் மாறினால் அந்த இரக்கமும் மறையும்.

நாகூர் தர்காவின் 131 அடி உயரமுள்ள மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். மாணவர் இதனைப் பெருமையோடு குறித்திருக்கிறார். பெருமைப்படத் தக்கதே. ஆனால் அது மன்னர் தந்தது. கொடுக்கும் கையும் வாங்கும் கையும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. இது மக்களாட்சிக் காலம். இங்கு எவரும் எவருக்கும் இடம் கொடுக்கத் தேவையில்லை. இடம் எல்லோருக்கும் உரியது. எனவே சகிப்பைக் கேட்காதீர், சமத்துவத்தைக் கேளுங்கள் என்கிறோம்.

இந்த வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. மாணவர் பார்த்த படங்களிலேயே அது தெரிகிறது.

1961-ஆம் ஆண்டு பீம்சிங் இயக்கத்தில் வெளிவந்த ‘பாவ மன்னிப்பு’ படத்தைப் பார்த்துக் கண்ணீர் வடித்ததாக எழுதியிருக்கிறார். நாமும் அதனை நல்ல படம் என்றே கூறுவோம். ஓர் இஸ்லாமிய இளைஞனைக் கதைத் தலைவனாக்கி, அந்த வேடத்தில் சிவாஜி கணேசனையே நிறுத்தியது எளிய செயலன்று. பகுத்தறிவு மேடையின் முழக்கமாக விளங்கிய எம்.ஆர். ராதா, நெஞ்சில் ஈரமற்ற செல்வர் ஆளவந்தாராக வந்து படத்தையே தாங்கி நிற்கிறார். ஆனாலும் கதையைச் சற்று உரித்துப் பாருங்கள். ரஹீம் இஸ்லாமியர் வீட்டில் வளர்ந்தவன். பிறப்பாலோ ஆளவந்தாரின் மகன். அவன் காதலிக்கும் மேரி கிறித்தவர் வீட்டில் வளர்ந்தவள். பிறப்பாலோ அவளும் இந்துவே. இஸ்லாமியனும் கிறித்தவளும் காதலித்தார்கள் என்று எண்ணி நாம் கைதட்டுகிறோம். படம் முடிவதற்குள் பிறப்பின் இரகசியம் வெளிப்பட்டு, யாருக்கும் மனக்கசப்பு இல்லாமல் கணக்கு நேராகிவிடுகிறது!

இதற்கு இரு வகையாகப் பொருள் கொள்ளலாம். மதம் குருதியில் இல்லை, வளர்ப்பில்தான் இருக்கிறது. தொட்டிலை மாற்றினால் தொழுகையும் மாறும் என்பது ஒரு பொருள். பகுத்தறிவாளர் பாடம் அதுவே. அதனை அழகாகச் சொன்னமைக்காகப் படத்தைப் பாராட்டுகிறோம். பிறப்பை மறைத்து வைத்தால்தான் ஊர் இந்தக் காதலை ஏற்கும் என்று கதை செய்தவர்களே அஞ்சினார்கள் என்பது மற்றொரு பொருள். அந்த அச்சத்துக்குப் பெயர்தான் சகிப்பின் எல்லை! மாணவர் முதற் பொருளைக் கண்டார்; இரண்டாவதைக் காணவில்லை.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1995-இல் மணிரத்னத்தின் ‘பம்பாய்’ வந்தது. இங்கே பிறப்பின் இரகசியம் இல்லை. சேகர் இந்து, சைலா பானு இஸ்லாமியப் பெண், வெளிப்படையாகவே மணக்கிறார்கள். 1992, 1993 ஆண்டுகளின் கலவரத் தீயில் சிக்கித் தவிக்கிறார்கள். இது முன்னேற்றந்தான். ஆயினும் மாணவர் ஒரு கேள்வி எழுப்பியிருக்கிறார். ஆண் இஸ்லாமியனாகவும் பெண் இந்துவாகவும் இருந்திருந்தால் இதே வரவேற்பு கிடைத்திருக்குமா? சபாஷ், தம்பி! ‘பம்பாய்’ படத்திடம் கேட்ட இந்தக் கேள்வியை ‘பாவ மன்னிப்பு’ படத்திடமும் கேட்டிருக்கலாமே!

திரையிலே வரும் ‘பாய்’ ஒன்று தியாகியாக மடிகிறார், அல்லது வெடிகுண்டோடு வருகிறார். கடையைத் திறந்து, கடனுக்குச் சண்டையிட்டு, மகளின் படிப்புச் செலவுக்குக் கவலைப்படும் சாதாரண மனிதராக வருவது அரிது. இது மாணவரின் கருத்து. நம் கருத்தும் அதுவே. தெய்வமாக்குவதும் பேயாக்குவதும் மனிதனை மனிதனாகப் பார்க்க மறுக்கும் இரு வழிகள். நம் நாட்டில் பெண்ணுக்கு நேர்ந்ததும் இதுதானே!

அந்தச் சாதாரண மனிதரைக் காண வேண்டுமாயின் நூல்களை நாட வேண்டும். மாணவரின் படிப்புப் பட்டியல் இங்கே குறைபாடுடையது. சீறாப்புராணத்தின் பெயரைக் கேட்டிருக்கிறார். புரட்டிப் பார்க்கவில்லை போலும். நெல் விளையும் மண்ணில் பிறந்தவர் அதன் நாட்டு வருணனையையாவது படிக்க வேண்டாமா? பாலை நிலமாகிய அரபு நாட்டைப் பாட வந்த உமறுப் புலவர், மழையையும் வெள்ளத்தையும் மருத வயலையும் பாடுகிறார். மார்க்கம் அரபு நாட்டினது. கண்ணும் நாவும் தமிழுக்குரியவை. அவருக்குத் தமிழ் கற்பித்தவர் கடிகை முத்துப் புலவர். மதங்களுக்கிடையே ஒப்பந்தம் எழுதியா அங்கே தமிழ் பயின்றார்கள்?

முத்துப்பேட்டையிலிருந்து தொலைவில் இல்லை நாகூர். அங்கே பிறந்த சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் ‘காதலா கடமையா?’ என்னும் புதினத்தை வெளியிட்டார். பள்ளியில் அவர் படித்தது மூன்றாம் வகுப்பு வரையே. இஸ்லாமியப் பெண் ஒருத்தி கதை எழுதுவதா என்று முகம் சுளித்த காலம் அது. அந்நூலைப் பாராட்டி எழுதியவர் உ.வே. சாமிநாதையர்! சகித்துக்கொண்டா எழுதினார்? இல்லை. படித்தார், மதித்தார், எழுதினார். மதிப்புக்கும் சகிப்புக்கும் உள்ள தொலைவு இதுதான்.

தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988) என்னும் புதினத்தில், ஊர் முதலாளியின் ஆணவமும், மார்க்கத்தின் பெயரால் நடக்கும் ஏமாற்றும், ஆங்கிலப் பள்ளிக்கு எழும் எதிர்ப்பும் அப்படியே வருகின்றன. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) பூட்டிய கதவுக்குப் பின்னாலுள்ள பெண்களின் ஏக்கத்தைப் பேசுகிறது. தம் வீட்டுக் குப்பையைத் தாமே கூட்டத் துணிந்த இவர்களைப் படிக்கும் இந்து இளைஞன் என்ன காண்பான்? அந்நியரையா? இல்லை! தன் ஊர்ப் பண்ணையாரையும் தன் வீட்டுப் பாட்டியையும் காண்பான். ஒரே சிறை, வேறு வேறு சாவி என்று உணர்வான். நூறு நல்லிணக்கக் கூட்டங்கள் செய்யாததை ஒரு நாவல் செய்துவிடும்.

இனி, பகுத்தறிவாளருக்குரிய கடினமான இடத்துக்கு வருவோம்.

2013 ஜனவரியில் கமல்ஹாசனின் ‘விஸ்வரூபம்’ படத்துக்கு இஸ்லாமிய அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அரசு தடுத்தது. சில காட்சிகளில் மாற்றம் செய்ய இசைந்த பின்னரே பிப்ரவரி 7 அன்று தமிழ்நாட்டில் படம் வெளியாயிற்று. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-இல் வெளிவந்த நாவல். 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் அதனைக் கொளுத்தினார்கள். தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே 2015 ஜனவரியில் அறிவிக்கும் நிலைக்குத் தள்ளினார்கள். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது.

மாணவர் இரண்டாவது நிகழ்ச்சியைக் கடுமையாகக் கண்டிக்கிறார். முதலாவதில் மட்டும், சிறுபான்மையினர் மனம் புண்படலாகாது என்று நழுவுகிறார். அவருடைய நல்லெண்ணம் புரிகிறது. ‘பாய்’ என்றால் வெடிகுண்டு என்னும் வார்ப்பைக் கண்டித்து எழுதலாம், பேசலாம், படத்தைப் புறக்கணிக்கலாம்; அத்தனையும் உரிமை. தடை வேறு. புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946-இல் வெளிவந்து, 1948-இல் தடை செய்யப்பட்டு, 1971-இல் அல்லவா விடுதலை பெற்றது! இருபத்து மூன்று ஆண்டுகள் பூட்டிக் கிடந்த காவியத்துக்குச் சொந்தக்காரர்கள் நாம். நமக்குப் பிடிக்காத நூலுக்குப் பூட்டுத் தேடினால் அந்தக் காவியத்தின் முகத்தில் எப்படி விழிப்போம்?

மூடநம்பிக்கையிலும் அளவுகோல் ஒன்றே. கரூர் மாவட்டம் மேட்டு மகாதானபுரத்தில் ஆடி மாதத்தில் பக்தர் தலையில் தேங்காய் உடைப்பதை மாணவர் நகைக்கிறார், சரியே. நோயாளியைத் தர்காவுக்கு அழைத்துச் சென்று மாதக் கணக்கில் காத்திருப்பதைப் பற்றி எழுதுமிடத்தில், அது மத நல்லிணக்கத்தின் அடையாளம் என்கிறார். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியை மறந்துவிட்டாரா? 2001 ஆகஸ்ட் 6 அன்று, அங்கே மனநோயாளர்களை வைத்திருந்த இல்லம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட இயலவில்லை. 28 உயிர்கள் போயின. தர்காவின் நிழலை நம்பி வந்தவர்களில் இந்துக்கள் உண்டு, இஸ்லாமியர் உண்டு. எல்லா மதத்தாரும் சேர்ந்து நம்பினால் மடமை அறிவாகிவிடாது. ‘அவர்கள் நம்பிக்கை, நமக்கென்ன’ என்று வாய்மூடியிருப்பதற்குச் சகிப்பு என்று பெயரிட்டால், அந்தச் சகிப்பின் விலை மனித உயிர்.

ஆனால் கண்டிப்பதற்கும் ஒரு தகுதி வேண்டும். பக்கத்து வீட்டுக்காரனின் கடை எரியும்போது வாளித் தண்ணீரோடு ஓடுபவனே, அவன் வீட்டு மூடநம்பிக்கையைக் கண்டிக்கும் உரிமை பெற்றவன். கடை எரிவதை வேடிக்கை பார்த்துவிட்டு மறுநாள் பகுத்தறிவு பேசுகிறவன் பகைவனுக்குத் துணை போகிறான்.

இறுதியாக, மாணவரின் குறிப்புகளில் நம்மைச் சுட்ட பகுதி ஒன்று. நோன்பு மாதத்தில் தலையில் குல்லாவும் கையில் கஞ்சிக் கிண்ணமுமாகப் படம் எடுத்துக்கொள்ளும் அரசியலார், மற்றப் பதினோரு மாதங்களில் அந்தத் தெருவுக்கு வருவதுண்டா என்று கேட்டிருக்கிறார். இதற்கு நாம் விடை தேடவில்லை, தலைகுனிகிறோம். கஞ்சி குடிப்பது தவறன்று. அதைக் கணக்கில் எழுதிக்கொள்வதுதான் தவறு. ஊர்வல நாளில் காவலரை மட்டும் நம்பி இயக்கத் தோழர்கள் வீட்டிலிருந்தால், நம் சமத்துவமும் மேடைச் சமத்துவமே.

தம்பி! உன் நோட்டுப் புத்தகத்தைத் திருப்பி அனுப்புகிறோம். கடைசிப் பக்கத்தில் நீ எழுதிய ‘சகிப்பு’ என்ற சொல்லை மட்டும் கோடிட்டிருக்கிறோம், அடித்துவிடவில்லை. வெட்டும் குத்தும் நடக்கும் நாளில் சகிப்பாவது கிடைத்தால் நல்லது, அது முதற்படி. படியிலேயே உட்கார்ந்துவிடாதே என்றுதான் கூறுகிறோம். எதிர்வீட்டு நண்பனிடம் ஒரு நாவலைக் கொடு. அவன் தரும் நூலை நீ படி. குறை கண்டால் இருவரும் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். சண்டை வந்தால் கருத்தோடு நிற்கட்டும். அடுத்த ஊர்வல நாளில் உங்கள் இரு வீட்டுக் கதவுகளும் திறந்திருக்கட்டும்.

அன்று எழுதும் குறிப்பையும் எமக்கு அனுப்பு. படிக்கக் காத்திருக்கிறோம்.