நட்சத்திரத்துக்குக் கொடுத்த நாற்காலி

சிங்கப்பூரில் ஒரு காற்பந்து வீரர் வெளிநாட்டில் ஆடிப் பெயர் வாங்கித் திரும்பினால், அவருடைய அடுத்த வேலை என்ன என்பதை ரசிகர்களே முடிவு செய்துவிடுவார்கள். பயிற்றுவிப்பாளர் நாற்காலி அவருக்குத்தான். அந்த நாற்காலி எந்தக் குழுவினுடையது, அதில் அமர அவர் எவ்வளவு காலம் பயின்றிருக்கிறார், தோற்றால் அவருக்குத் துணையாக யார் நிற்பார்கள் என்ற கேள்விகள் பிறகுதான் எழும். ஃபாண்டி அகமதுக்கும் வி. சுந்தரமூர்த்திக்கும் நடந்தது இதுதான். ஒருவர் நெதர்லாந்தில் ஆடியவர். மற்றவர் சுவிட்சர்லாந்தில் ஆடியவர். இருவரும் பின்னர் உள்ளூர்க் குழுக்களுக்கும் மலேசிய லீக்கில் ஆடிய சிங்கப்பூர்க் குழுவுக்கும் தேசியக் குழுவுக்கும் பயிற்சி அளித்தார்கள். இந்த வழக்கத்தால் சிங்கப்பூர்க் காற்பந்துக்கு நன்மையும் உண்டு, இழப்பும் உண்டு. இரண்டையும் சுந்தரமூர்த்தியின் பாதையில் பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் வளர்ந்த தமிழர்களுக்குக் காற்பந்து எட்டாத ஊர் விளையாட்டு அல்ல. ரேஸ் கோர்ஸ் சாலையை ஒட்டிய ஃபேரர் பார்க் திடலில் தலைமுறை தலைமுறையாகப் பந்து உருண்டிருக்கிறது. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், டிர்விட் சாலையில், 1929ல் திறக்கப்பட்ட ஜாலான் புசார் விளையாட்டரங்கு இருக்கிறது. அந்நாளில் எஸ். ராஜகோபால் வளைத்தடித்த பந்துகளைப் பற்றியும், பின்னாளில் எஸ். சுப்பிரமணியின் தற்காப்பைப் பற்றியும் பேசும் பெரியவர்களை இன்றும் பார்க்கலாம். ஆனால் தமிழர்களிடையே மிக அதிகமாகப் பேசப்பட்ட பெயர் சுந்தரமூர்த்திதான். 'டேஸ்லர்' என்று ஊரே அழைத்த ஆட்டக்காரர்.

அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. 1993 மலேசியக் கிண்ணத்தில் புருணைக்கு எதிராக அவர் போட்ட கோலைச் சிங்கப்பூர்க் காற்பந்தின் மிக அழகான கோல் என்று சொல்பவர்கள் ஏராளம். கோல் கம்பத்துக்கு முதுகு, பந்து காற்றில். கால்கள் இரண்டும் தலைக்கு மேலே போக, உடம்பு தரைக்கு இணையாக மிதக்க, பந்து வலைக்குள். பந்து வரும் உயரத்தையும் கம்பம் இருக்கும் திசையையும் திரும்பிப் பார்க்காமலே கணக்கிடும் திறமை அது. யாரும் சொல்லிக்கொடுத்து வருவதல்ல. நட்சத்திரங்களைப் பயிற்றுவிப்பாளராக்கும் வழக்கத்தின் முதல் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. தனக்கு இயல்பாக வந்த ஒன்றை, அது இயல்பாக வராத இருபது வயதுப் பையனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

வெளிநாட்டு அனுபவம் தருவது அந்த வித்தையை அல்ல, வேறொன்றை. 1983 அக்டோபரில் யூஃபா கிண்ணத்தில் இன்டர் மிலானை நெதர்லாந்தின் குரோனிங்கன் 2-0 என்று வென்றபோது இரண்டாவது கோலைப் போட்ட ஃபாண்டிக்கு வயது 21. அந்த வயதில் அவர் பார்த்தது, காற்பந்தை முழுநேரத் தொழிலாக நடத்தும் ஒரு குழுவின் அன்றாடத்தை. காலைப் பயிற்சி, உணவு, ஓய்வு, இடத்துக்காகச் சகவீரனோடு தினமும் போட்டி, ஒரு வாரம் மோசமாக ஆடினால் மறுவாரம் ஓரத்தில் உட்காரும் நிலை. ஐந்து ஆண்டுகள் கழித்துச் சுவிட்சர்லாந்தின் பாசல் குழுவுக்குச் சென்ற சுந்தரமூர்த்தியும் அதே வாழ்க்கைக்குள் நுழைந்தார். அப்போது பாசல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்தது. அவர் அங்கே நீண்டகாலம் இருக்கவில்லை. ஆனாலும், அலுவலக வேலை முடிந்து மாலையில் பயிற்சிக்கு வரும் ஆட்டக்காரர்கள் நிறைந்திருந்த அக்காலச் சிங்கப்பூருக்கு இத்தகைய இருவர் கிடைத்தது பெரிய வரவு. உடைமாற்றும் அறையில் அவர்கள் ஒன்று சொன்னால் இளையர்கள் கேட்பார்கள். அந்த மரியாதையை எந்தப் பயிற்சிச் சான்றிதழும் வாங்கித்தராது.

அந்த மரியாதை பலன் தந்தது 2012லும் 2013லும். மலேசிய லீக்குக்குச் சிங்கப்பூர் திரும்பியபோது உருவான லயன்ஸ் 12 குழுவைச் சுந்தரமூர்த்தியிடம் கொடுத்தார்கள். முதல் ஆண்டில் இரண்டாம் இடம். 2013 ஜூலையில் ஜாலான் புசாரில் ஃபெல்டா யுனைடெட்டை 4-0 என்று தோற்கடித்து மலேசிய சூப்பர் லீக் வெற்றியாளர் பட்டம். ஷாஹ்ரில் இஷாக், பைஹாக்கி கைஸான் போன்ற அனுபவசாலிகளைச் சுற்றி ஹாரிஸ் ஹாருன், சஃபுவான் பஹாருடின் போன்ற இளையர்களை நிறுத்தி, முதலில் கோல் விடாமல் காத்து, பிறகு எதிரணி முன்னேறி வரும்போது வேகமாகத் தாக்கும் குழு அது. ஆட்டக்காரராக இருந்தபோது தாக்குதலுக்கே பெயர்போன மனிதர், பயிற்றுவிப்பாளரானதும் ஒழுங்கான தற்காப்பைக் கட்டியெழுப்பினார். தன் ஆட்டத்தைப் பிறரிடம் தேடாமல், கையில் இருக்கும் வீரர்களுக்கு ஏற்ற ஆட்டத்தைத் தேர்ந்த முதிர்ச்சி அதில் தெரிந்தது.

இந்த வெற்றிக்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. அவர் நேரே இந்த நாற்காலிக்கு வரவில்லை. ஜூரோங் குழுவில் ஆட்டக்காரராக இருந்துகொண்டே பயிற்சியும் அளித்தவர். இளையர் குழுவையும் நடத்தியவர். லயன்ஸ் 12ல் அதே வீரர்களை வாரம் முழுவதும், ஆண்டு முழுவதும் பார்க்க முடிந்தது. தவறைச் செவ்வாய்க்கிழமை காட்டி, புதன்கிழமை திருத்தி, சனிக்கிழமை ஆட்டத்தில் சரிபார்க்க முடிந்தது. குழுப் பயிற்சி என்பது இந்தத் தினசரி வேலைதான்.

2016 மே மாதம் பயிற்றுவிப்பாளர் பெர்ன்ட் ஸ்டாங்கேக்குப் பிறகு தேசியக் குழு அவரிடம் வந்தது. அப்போது அவர் தெம்பனிஸ் ரோவர்ஸ் குழுவில் இருந்தார். லிவர்பூல், ஆர்சனல் குழுக்களில் ஆடிய ஜெர்மெய்ன் பென்னன்ட்டைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்திருந்த குழு அது. லீக் நடந்துகொண்டிருக்கும்போதே இடம் மாறினார். அரையாண்டுக்குள் தென்கிழக்காசியக் கிண்ணம்.

அந்தப் போட்டியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முதல் ஆட்டத்தில் பிலிப்பீன்ஸ் குழுவில் ஒருவர் முற்பாதியிலேயே வெளியேற்றப்பட்டார். பத்துப் பேரை எதிர்த்து ஆடியும் சிங்கப்பூரால் கோல் போட முடியவில்லை, 0-0. இரண்டாவது ஆட்டத்தில் தாய்லாந்துக்கு எதிராக ஏறத்தாழ முழு நேரமும் தங்கள் பாதியிலேயே அடைகாத்தார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு தலைமுட்டுக் கோல், தோல்வி. மூன்றாவதில் கைருல் அம்ரி முதல் கோலைப் போட்டும் இந்தோனீசியா திருப்பியடித்து 2-1 என்று வென்றது. மூன்று ஆட்டங்களிலும் கதை ஒன்றே. லயன்ஸ் 12க்குப் பலன் தந்த காத்திருக்கும் ஆட்டம், வாரக்கணக்கில் சேர்ந்து பயின்ற வீரர்கள் இல்லாதபோது வெறும் காத்திருத்தலாகவே முடிந்தது. முன்னேற வேண்டிய நேரத்தில் முன்னேறத் தெரியவில்லை. பத்துப் பேரிடம் கோல் போடாத ஆட்டத்துக்குப் பயிற்றுவிப்பாளரே பொறுப்பேற்க வேண்டும். அதில் சாக்குக்கு இடமில்லை.

அடுத்த ஆண்டு இன்னும் கடினமாக இருந்தது. 2017 ஜூனில் அர்ஜென்டினாவிடம் 0-6 என்று தோற்றதை யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள். அதற்குச் சில நாள் முன்னதாக, அதே தேசிய விளையாட்டரங்கில் ஆசியக் கிண்ணத் தகுதிச்சுற்றில் சீனத் தைப்பேயிடம் 1-2 என்று தோற்றதுதான் வலித்தது. அந்தத் தகுதிச்சுற்றின் ஆறு ஆட்டங்களில் சிங்கப்பூருக்குக் கிடைத்தவை இரண்டே புள்ளிகள். ஃபிஃபா தரவரிசையில் நாடு 170ஐத் தாண்டிக் கீழே போனது. 2018 ஏப்ரலில் சுந்தரமூர்த்தி விலகினார்.

இப்படித் தோற்றவரைச் சிங்கப்பூர் எப்படி நடத்தியது என்பதைப் பார்த்தால் இந்த வழக்கத்தின் பெரிய ஓட்டை தெரியும். புகழைக் கண்டு நாற்காலி கொடுத்தவர்கள், அந்தப் புகழையே அளவுகோலாக வைத்து அவரை மதிப்பிட்டார்கள். காலாங்கில் அந்தரத்தில் பறந்து கோல் போட்டவர் தன் குழுவை இப்படிப் பதுங்கி ஆடவைக்கலாமா என்று விளையாட்டரங்கிலும் காப்பிக்கடையிலும் கேட்டார்கள். வேறொரு பயிற்றுவிப்பாளர் இதே தோல்விகளைக் கண்டிருந்தால் அவருடைய உத்தியைப் பற்றி மட்டும் பேசியிருப்பார்கள். சுந்தரமூர்த்தி விஷயத்தில் அவருடைய இளமையும் சேர்த்து விசாரிக்கப்பட்டது. அது நியாயமில்லை.

ஆனால் ஒரு மனிதரின் வெற்றி தோல்வியோடு இது முடிந்துவிடவில்லை. அவர் எங்கே கற்றார் என்று தேடிப்போனால் காலி இடங்களே கண்ணில் படுகின்றன. ஜூரோங் குழு 2003க்குப் பிறகு லீக்கில் இல்லை. ஃபாண்டி பயிற்றுவிப்பாளராக 2000ல் லீக் பட்டம் வென்ற ஆயுதப்படைக் குழு பின்னாளில் வாரியர்ஸ் என்று பெயர் மாறி, ஒன்பது முறை வெற்றியாளரான பெருமையோடு, பணநெருக்கடியால் 2020ல் லீக்கிலிருந்து விலகியது. லயன்ஸ் 12 குழு ஃபாண்டியின் கீழ் 2015 மே மாதம் மலேசிய எஃப்ஏ கிண்ணத்தை வென்றது. அதே ஆண்டின் இறுதியோடு கலைந்தது. இரண்டு நட்சத்திரங்கள் பயிற்சித் தொழிலைப் பழகிய மூன்று இடங்களும் இன்று இல்லை. அவர்கள் எழுதிய பயிற்சித் திட்டங்கள், எந்த இளையரை ஏன் தேர்ந்தார்கள் என்ற கணக்குகள், வெளிநாட்டுக் குழுக்களோடு வைத்திருந்த தொடர்புகள் யாவும் அந்தந்த மனிதரோடே போய்விட்டன. அடுத்து வருபவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார்.

குழு நிர்வாகத்தைப் பொறுத்தவரை நிலைமை இதைவிடக் கவலைக்குரியது. சிங்கப்பூரில் குழுத் தலைவர் பொறுப்பில் வழக்கறிஞர்களும் தொழிலதிபர்களும் இருப்பது பழைய வழக்கம். அதில் நல்ல முன்னுதாரணமும் உண்டு. 1970களில் காற்பந்துச் சங்கத்தை வழிநடத்திய தமிழர் என். கணேசன் ஒரு வழக்கறிஞர். மலேசியக் கிண்ண ஆட்டங்களைக் காலாங் தேசிய விளையாட்டரங்குக்குக் கொண்டுபோய் 'காலாங் முழக்கம்' பிறக்க வழிசெய்தவர் அவர். 1977ல் சூ செங் குவீயின் பயிற்சியில் கிண்ணம் வந்தபோது அரங்கத்தை நிரப்பும் வேலையைக் கணேசன் முன்பே செய்து முடித்திருந்தார். ஆகவே ஆடாதவர் நிர்வகிக்கக் கூடாது என்று யாரும் வாதிட முடியாது. ஆடியவருக்கு நிர்வாக அறையில் இடமே இல்லாமல் போவதுதான் குறை. ஒரு திடலைப் பல குழுக்கள் பகிர்ந்துகொள்ளும் ஊர் இது. பதினெட்டு வயதில் நல்ல ஆட்டக்காரர் தேசிய சேவைக்குப் போய்விடுவார். இங்கே யாரை எப்போது ஒப்பந்தம் செய்வது, யாரை வெளிநாட்டுக்கு அனுப்புவது, காயத்திலிருந்து மீள்பவருக்கு எவ்வளவு காலம் கொடுப்பது என்பதெல்லாம் கணக்குப் புத்தகம் மட்டும் பார்த்து எடுக்கும் முடிவுகள் அல்ல. பாசலிலும் குரோனிங்கனிலும் இருந்தவர்கள் இதைத் தங்கள் உடம்பில் அனுபவித்தவர்கள்.

ஆட்டக்காரரிடம் நிர்வாகத்தைக் கொடுத்தாலே போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தின் பெரி குழுவில் ஆடிய இந்தியாவின் பாய்ச்சுங் பூட்டியா 2011ல் யுனைடெட் சிக்கிம் குழுவைத் தொடங்கினார். மறுவருடமே ஐ-லீக்குக்கு ஏறிய அந்தக் குழு, ஒரே பருவத்தில் கீழே இறங்கியது. 2022ல் அவர் அகில இந்தியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் தேர்தலில் நின்று 33-1 என்று தோற்றார். நாட்டின் மிகப் பெரிய பெயருக்கும் வாக்காளர்களில் ஒருவர்தான் துணை நின்றார். புகழ் கதவைத் தட்ட உதவும், உள்ளே இருந்து வேலை செய்யக் கற்ற துணைவர்களும் முறையும் தனியாக வேண்டும்.

நட்சத்திரங்களின் பாதைக்கு நேர்மாறான சான்றும் சிங்கப்பூரிலேயே இருக்கிறது. 2025 நவம்பர் 18 அன்று ஹாங்காங்கின் காய் டாக் அரங்கில் முற்பாதியில் பின்தங்கியிருந்த சிங்கப்பூர் 2-1 என்று வென்று, முதன்முறையாகத் தகுதிச்சுற்றின் வழியே ஆசியக் கிண்ணத்துக்குள் நுழைந்தது. 1984ல் ஆடியது போட்டியை நடத்திய நாடு என்ற உரிமையில்தான். இந்த வெற்றியின்போது பயிற்றுவிப்பாளராக இருந்த கேவின் லீ வெளிநாட்டில் ஆடிய நட்சத்திரம் அல்லர். தொழில்முறைக் காற்பந்தே ஆடாதவர். இருபதுகளின் இறுதியிலேயே தெம்பனிஸ் ரோவர்ஸ் குழுவின் பொறுப்பேற்று, ஆண்டுக்கணக்கில் அதே குழுவில் உழைத்தவர். வெற்றிக் கோலைப் போட்டவரோ பெல்ஜியத்தில் ஆடிவிட்டு வந்த இல்ஹான் ஃபாண்டி, ஃபாண்டி அகமதுவின் மகன். வெளிநாட்டு அனுபவம் திடலுக்குள் இருந்தது. பொறுமையாகக் கற்ற பயிற்சி திடலின் ஓரத்தில் நின்றது.

ஆகவே நட்சத்திர ஆட்டக்காரரைப் பயிற்றுவிப்பாளராக்குவது தவறான வழக்கம் என்று சொல்ல முடியாது. லயன்ஸ் 12 பட்டத்தை யாராலும் மறுக்க முடியாது. தேசியக் குழுவின் நாற்காலியைப் புகழுக்குப் பரிசாகவோ நெருக்கடிக்கு மருந்தாகவோ கொடுப்பதுதான் தவறு. அதைவிடப் பெரிய தவறு, அந்த நாற்காலியைத் தவிர வேறெதையும் அவர்களுக்குக் கொடுக்காதது. இளையர் பயிற்சி, ஆட்டக்காரர் தேர்வு, வெளிநாட்டுக் குழுக்களோடு தொடர்பு, குழுவின் வரவு செலவு என்று எத்தனையோ வேலைகள் ஆளின்றிக் கிடக்கின்றன.

ரேஸ் கோர்ஸ் சாலையை ஒட்டிய ஃபேரர் பார்க் திடலில் ஏறத்தாழ 1,600 வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளோடு விளையாட்டு வசதிகளும் அமையும் என்று 2022ல் அறிவித்தார்கள். தேக்காவின் பிள்ளைகள் ஆடப்போகும் அந்தப் புதிய திடலின் திட்டத்தில், பாசல் வரை போய்வந்த ஒரு தமிழரின் அனுபவத்துக்கும் அவர் தலைமுறையினரின் அனுபவத்துக்கும் ஒரு வேலையை இப்போதே ஒதுக்கவேண்டும் என்று காற்பந்துச் சங்கத்தையும் நம் சமூக அமைப்புகளையும் கேட்டுக்கொள்வோம். அவர்களில் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள்.