ஆயில் கம்பி சொல்லும் கணக்கு

இஞ்சினுக்குள் எவ்வளவு ஆயில் இருக்கிறது என்பதை இன்றைய கார்கள் பலவற்றில் உணர்கருவிகள் அளந்து முகப்புத் திரையில் காட்டிவிடுகின்றன. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் சாலையை ஆண்ட காலத்தில் அந்த வேலை முழுவதும், நுனியில் இரண்டு கோடுகள் வெட்டப்பட்ட ‘டிப்ஸ்டிக்’ என்னும் மெல்லிய எஃகுக் கம்பியிடமும், அதை உருவிப் பார்ப்பவரின் கண்ணிடமும் விரலிடமும் இருந்தது. 1911-இல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம் மேல வெளி வீதியில் வேரூன்றி வளர்ந்ததால், மோட்டார்த் தொழிலோடு நூறாண்டுக்கு மேற்பட்ட உறவுடையது மதுரை நகரம். ராமேஸ்வரத்துக்கும் குமுளிக்கும் கொடைக்கானலுக்கும் வாடகைக் கார்கள் புறப்படும் ஊராகவும் அது இருந்ததால், ஆயில் கம்பியை வாசிக்கும் கலை இங்கே சிம்மக்கல் ஒர்க்‌ஷாப்காரர்களோடு நின்றுவிடாமல் ஓட்டுநர்களின் காலை வழக்கமாகவே ஊறிப்போனது.

அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் இஞ்சின், பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டின் பின்முனையில், ஆயில் வெளியேறாமல் தடுக்கப் பிற்கால இஞ்சின்களில் உள்ளது போன்ற ரப்பர் சீல் அதில் கிடையாது. தண்டின் மேலேயே வெட்டப்பட்ட திருகுமரை, சுழலும்போது ஆயிலை உள்நோக்கித் தள்ளிவிடும் என்பதே வடிவமைத்தவர்களின் ஏற்பாடு. இஞ்சின் நின்றதும் மரையும் நின்றுவிடுகிறது. நிறுத்திய இடத்தில் இரண்டு சொட்டு விழுகிறது. ஆகவே அம்பாசடர் நின்ற தரையில் கறை காண்பது நோயின் அடையாளம் என்பதைவிடப் பிறவிக் குணம் என்பதே பொருந்தும். இத்தகைய இஞ்சினின் ஆயில் அளவை ஒரே ஒரு முறை பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதும், நேற்றைய அளவுக்கும் இன்றைய அளவுக்கும் உள்ள இடைவெளியே உண்மையான செய்தி என்பதும் இக்கலையின் அடிப்படை.

இடைவெளியை நம்ப வேண்டுமானால், இரண்டு அளவுகளும் ஒரே நிலைமையில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு பக்கச் சக்கரங்கள் நடைமேடை விளிம்பில் ஏறி நிற்கும் காரில், அடியிலுள்ள தொட்டியில், அதாவது மெக்கானிக்குகள் ‘ஆயில் சேம்பர்’ என்று அழைக்கும் பகுதியில், ஆயில் ஒரு புறம் ஒதுங்கிவிடுவதால் கம்பி பொய் சொல்லும். வெப்பத்தின் கணக்கும் உண்டு: இரவு முழுதும் நின்று 30 டிகிரியில் இருக்கும் ஆயில், ஓடி 90 டிகிரிக்குச் சூடேறும்போது ஏறத்தாழ 4 சதவீதம் விரிகிறது, அதே வேளையில், இஞ்சினை அணைத்தவுடன் மேற்பகுதியிலும் குழாய்களிலும் தங்கியுள்ள ஆயில் தொட்டிக்கு இறங்கச் சில நிமிடங்கள் பிடிப்பதால் அளவு குறைத்தும் காட்டும். விரிவதும் தங்குவதும் ஒன்றையொன்று எவ்வளவு ஈடுசெய்யும் என்று கணக்கிட்டுக்கொண்டிருப்பதைவிட, விடியற்காலையில், முதல் ஸ்டார்ட்டுக்கு முன், சமதரையில், நாள்தோறும் ஒரே இடத்தில் பார்ப்பது எளிது.

முதல் முறை உருவும்போது கம்பியில் தெரிவது அளவன்று. ஓட்டத்தில் தெறித்தும், குழாயின் உட்சுவரில் உராய்ந்தும் ஒட்டிய பிசுக்கே அது. பனியன் வேஸ்ட்டால் வழித்துத் துடைத்து, முட்டும் வரை உள்ளே செருகி, ஒரு கணம் பொறுத்து, மறுபடி உருவ வேண்டும். அப்போதும் நுனியை மேல்நோக்கித் தூக்கினால் ஆயில் பின்னோக்கி வழிந்து கோட்டைத் தாண்டிவிடும் என்பதால், கம்பியைக் கிடைமட்டமாகவோ சற்றே தாழ்த்தியோ பிடிப்பதுதான் கைப்பழக்கம் உள்ளவரின் முறை. கம்பியின் இரு முகங்களும் வெவ்வேறு உயரம் காட்டினால் தாழ்ந்ததே மெய். புதிதாக மாற்றிய ஆயில் கண்ணாடிபோல் தெளிந்திருக்கையில் அது எங்கே முடிகிறது என்று காண்பது பழகிய கண்ணுக்கும் கடினம். கம்பியை வெயிலுக்குச் சாய்த்தால், பளபளப்பு முடிந்து எஃகின் மங்கல் தொடங்கும் எல்லை புலப்படும்.

அளவு பார்த்த பிறகு பதம் பார்ப்பது வருகிறது. ரசனைக்கு இடம் உள்ளதும் இங்கேதான். வெல்லப்பாகைச் சோதிப்பவர் போல ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தேய்த்துப் பிரிக்கும்போது, நெறுநெறுப்பு தட்டுப்பட்டால் தூசியோ உலோகத் துகளோ கலந்திருக்கிறது. பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் சேர்கிறது; பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். கறுத்திருப்பதைக் கண்டு மட்டும் பதற வேண்டியதில்லை: கரியைத் தன்னுள் ஏந்திக்கொள்வதற்கான சோப்புத் தன்மையுள்ள கலவைப் பொருள் ஆயிலில் இருப்பதால், கறுப்பது அது வேலை செய்வதற்கான சான்றே. டீசல் வண்டியில் இது இன்னும் விரைவாக நேரும். மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியின் புழுதி இதில் தனிப் பங்கு வகிக்கிறது. அக்காலக் கார்களில் காற்றுவடிகட்டியின் அடிக்கிண்ணத்திலும் ஆயில் ஊற்றி, உள்ளே வரும் காற்றின் தூசியை அதில் படியவைக்கும் ‘ஆயில் பாத்’ அமைப்பு இருந்தது. அந்தக் கிண்ணத்திலும் அளவுக் கோடு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள்.

குறைவதைக் கண்டு அஞ்சுவோரே மிகுதி. 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் குடிக்கும் வயதான இஞ்சின், மாதக்கணக்கில் அதே அளவில் நின்றால் அது அதன் இயல்பு. கால் லிட்டரிலிருந்து அரை லிட்டருக்குத் திடீரென ஏறினால்தான் காரணம் தேட வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப்புகை தள்ளினால் வால்வுத் தண்டு ஓடும் ‘கைடு’ தேய்ந்திருக்கலாம். சுமையோடு ஓடும் நேரமெல்லாம் தள்ளினால் பிஸ்டன் ரிங். இவற்றையெல்லாம்விட அஞ்சத்தக்கது குறையாத அளவு, அதிலும் ஏறுகிற அளவு. பத்மினியின் 1089 சி.சி. ஃபியட் இஞ்சினில் பெட்ரோல் பம்ப் இஞ்சினோடு பொருத்தப்பட்டு இஞ்சினாலேயே இயங்குவதால், அதன் உள்ளிருக்கும் ‘டயாஃப்ரம்’ என்னும் சவ்வு கிழிந்தால் பெட்ரோல் ஆயிலில் கசியும். கோடு உயரும், ஆயில் நீர்க்கும், பேரிங் தேயும். கம்பியை முகர்ந்து பார்ப்பவர் இதை உடனே கண்டுகொள்வார். கோட்டை மட்டும் பார்ப்பவர் வண்டி ஆயிலே குடிப்பதில்லை என்று மகிழ்ந்துகொண்டிருப்பார்.

எவ்வளவு ஊற்றுவது என்பதில் மேல்கோடே இலக்கு என்ற எண்ணம் பரவலாக உள்ளது, அது சரியன்று. கோட்டைத் தாண்டி ஊற்றினால் சுழலும் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரையில் அழுத்தம் நிற்காது. கோட்டுக்குள்ளேயே நிரப்பினாலும், பழைய இஞ்சின்கள் பல, மேலே உள்ள பங்கைச் சீக்கிரமே மூச்சுக்குழாய் வழியாகவும் கசிவாகவும் கக்கிவிட்டுத் தமக்குப் பிடித்த ஓர் அளவில் நெடுநாள் நின்றுவிடும். அந்த அளவு கீழ்க்கோட்டுக்கு வெகு மேலே இருக்கும் வரை, மேலூர்ச் சாலை போன்ற சமதரையில் ஓடும் வண்டிக்கு அதுவே போதும். வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலையேறும் பயணம் வேறு: ஏற்றத்திலும் கொண்டை ஊசி வளைவுகளிலும் தொட்டியில் ஆயில் ஒருபுறம் ஒதுங்கி, பம்பின் உறிஞ்சுமுனை காற்றை இழுத்தால் ஆயில் பிரஷர் விளக்கு மினுக்கும் என்பதால், அன்று மேல்கோடு வரை ஊற்றிக்கொள்வதே முறை. அதையும் ஒரே மூச்சில் ஊற்றாமல், கால் லிட்டர் ஊற்றி, அது கீழே இறங்க ஐந்து நிமிடம் விட்டு, துடைத்த கம்பியால் மறுபடி பார்த்து, பிறகே அடுத்த கால் லிட்டருக்கு மூடியைத் திறப்பார்கள்.