கண்டோனீஸ் மொழியில் மங்கல வழக்கு

ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என நிரல்படுத்திய கைந்நூல்களைக் கொண்டே பிறமொழி பயில்வோர் பலர். கடையில் பொருள் வாங்க அது போதும். பேசுவோர் கருத்தை உணரப் போதாது. கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் சீனரிடையே வழங்கும் கண்டோனீஸ் மொழி இதற்குத் தக்க சான்றாகும். ராபர்ட் மாரிசன் 1828-இல் மக்காவில் வெளியிட்ட அம்மொழிச் சொற்றொகையிலேயே தொடர்களுக்கெனத் தனிப் பகுதி உண்டு. அந்நெறி கைவிடத்தக்கதன்று.

அம்மொழியின் அன்றாடச் சொற்களில் குறிப்புப் பொருள் இருவகையாக அமைகிறது. முதலாவது ஒப்புமை பற்றியது. ஒருவனை வேலையிலிருந்து நீக்குவதைக் 'கணவாய் வறுத்தல்' என்பர். வறுபடும் கணவாய் சுருள்வதுபோல, வேலையிழந்தவன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு புறப்படுகிறான். 'காடி குடித்தல்' என்பது காதலில் எழும் பொறாமை. 'மூட்டை கட்டுதல்' என்பதை அறிந்த தமிழ் மாணவனுக்கு இவை அரியனவல்ல.

இரண்டாவது ஒலி பற்றியது. கைந்நூல்கள் தவறவிடுவது இதனையே. ஈரலுக்குரிய 'கோன்' என்னும் சொல்லும் வறட்சியைக் குறிக்கும் சொல்லும் ஒரே ஒலியின. அம்மொழிப் பேச்சு வழக்கில் 'நீர்' என்றால் பணம். ஆகவே வறட்சி என்றால் பணமின்மை. எனவே சந்தையில் ஈரலை 'ஈரம்' என்னும் பொருள்படப் பெயர் மாற்றி வழங்கினர். நாக்குக்குரிய 'ஸித்' என்பது 'நட்டம்' என ஒலிப்பதால், 'இலாபம்' என ஒலிக்கும் 'லேய்' என்றனர். 'காலி' என்னும் சொல் தீமையைக் குறிக்கும் சொல்போல் ஒலிப்பதால், வாடகைக்குரிய காலி வீடு 'நல்வீடு' ஆயிற்று.

இது நன்னூல் கூறும் மங்கல வழக்கன்றோ எனத் தமிழாசிரியர் வினவுவர். ஆம், ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. செத்தாரைத் துஞ்சினார் என்பதிலும், சுடுகாட்டை நன்காடு என்பதிலும் தமிழர் அஞ்சியது பொருளை. கண்டோனீஸ் மக்கள் அஞ்சியது ஒலியை. ஈரலில் அமங்கலம் யாதுமில்லை. அதன் பெயரிலேயே உண்டு. ஓரசைச் சொற்கள் மிக்க அம்மொழியில் ஒலியொத்த சொற்கள் பலவாதலே இதற்கு ஏதுவாகும்.

ஆகவே அம்மொழியைக் கற்பிப்போர் நேர்ப்பொருள், குறிப்புப் பொருள், இரண்டையும் இணைக்கும் காரணம் என மூன்றையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். காரணம் அறியாது மனப்பாடம் செய்த சொல் நெடுநாள் நில்லாது. அதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு: அண்டை வீட்டார் எதற்கு அஞ்சுகின்றனர், எதை விழைகின்றனர் என்பதை அறியாமலே அவர் மொழியைப் பேசித் திரிவதுதான் அது.