தெரிஞ்ச ஆளா இருந்தா தேவலை

கல்யாணத்துக்குச் சமையல்காரர் தேடும்போதும், வீட்டு வேலைக்கு மேஸ்திரி பிடிக்கும்போதும் நம் வீடுகளில் தவறாமல் ஒலிக்கிற வாக்கியம் இது. 'தெரிஞ்ச ஆளா இருந்தா தேவலை.' போன கல்யாணத்தில் அவர் வைத்த சாம்பாரில் உப்பு தூக்கல் என்பது நமக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும். இருந்தாலும் அவருக்குத்தான் போன் போடுவோம். புது ஆள் உப்பே போடாமல் விட்டுவிட்டால்?

இங்கிலாந்தில் கால்பந்து கிளப் வைத்திருக்கும் கோடீஸ்வர முதலாளிகளும் இந்த விஷயத்தில் நம் அத்தை, மாமா கட்சிதான். அவர்கள் தேடுவது சமையல்காரரை அல்ல, மேனேஜரை. அவ்வளவுதான் வித்தியாசம்.

(கால்பந்து பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சுற்றிச் சுற்றி உங்கள் ஆபீசுக்குத்தான் வரப்போகிறேன்.)

முதலில் ஒரு சின்ன அறிமுகம். அங்கே மேனேஜர் என்றால் ஃபைல் பார்ப்பவர் இல்லை. யார் ஆடுவது, எப்படி ஆடுவது, யாரை வெளியே உட்கார வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஜெயித்தால் மாலை. தோற்றால் சீட்டு கிழியும். பிரீமியர் லீக்கில் 20 கிளப்கள். சீஸன் முடிவில் கடைசி மூன்று கிளப்கள் கீழ் டிவிஷனுக்கு இறங்கியாக வேண்டும். இது கௌரவப் பிரச்னை மட்டும் இல்லை, பணப் பிரச்னை. 2017-18 சீஸனில் கடைசி இடத்தில் முடித்த வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனுக்கே டி.வி. உரிமைப் பங்கு முதலான வகையில் லீக்கிடமிருந்து 90 மில்லியன் பவுண்டுக்கு மேல் வந்தது. அன்றைய மதிப்பில் 800 கோடி ரூபாய்க்கும் அதிகம். கடைசி பெஞ்சுக்கே இவ்வளவு என்றால், வகுப்பைவிட்டே வெளியே போவது எவ்வளவு பெரிய அடி என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் நாலு மேட்ச் தொடர்ந்து தோற்றால் முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்கும். இருக்கிற மேனேஜரை அனுப்பிவிட்டு போனை எடுப்பார்கள். யாருக்குப் போடுவார்கள் என்பதில்தான் நம் கதை.

2017 நவம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே மாதத்தில் மூன்று கிளப்கள் புது மேனேஜரை அமர்த்தின. 'புது' என்பது பேச்சுக்குத்தான். வெஸ்ட் ஹாம் கூப்பிட்டது டேவிட் மோயஸை. அதே வருடம் சண்டர்லாண்ட் கிளப் கீழே இறங்கியபோது அதன் மேனேஜர் அவர். வெஸ்ட் பிராம் கூப்பிட்டது ஆலன் பார்டியூவை. முந்தின டிசம்பரில்தான் கிரிஸ்டல் பேலஸ் கிளப் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. எவர்ட்டன் கூப்பிட்டது சாம் அலர்டைஸை. பார்டியூ விட்டுப்போன பேலஸை இறங்காமல் காப்பாற்றியவர் அவர். காப்பாற்றிய கையோடு, இனி வேறு வேலைக்குப் போகிற ஆசையெல்லாம் இல்லை என்று சொல்லி மே மாதம் விலகிப்போனவர். ஆறு மாதத்தில் ஆசை வந்துவிட்டது.

பேலஸ் கிளப்பின் கதை இன்னும் தமாஷ். டோனி பூலிஸ், நீல் வார்னாக், பார்டியூ, அலர்டைஸ் என்று வரிசையாக ஆள் மாறினார்கள். இதில் வார்னாக் அங்கே ஏற்கெனவே வேலை பார்த்துவிட்டுப் போனவர். பூலிஸ் அங்கிருந்து கிளம்பி வெஸ்ட் பிராமுக்குப் போனார். அவரை அங்கே நீக்கியதும் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர், மறுபடியும் பார்டியூ! நம் சினிமாவில் இன்ஸ்பெக்டர் வேஷம் என்றால் குறிப்பிட்ட நாலு பேருக்கு மட்டும் போன் போகுமே, அந்த மாதிரி.

இந்த நாலு பேரில் சாம்பியன் அலர்டைஸ்தான். பிரீமியர் லீக்கில் அவர் மேய்த்த கிளப்கள் ஒன்பது. வேறு யாரும் அத்தனை கிளப்களைப் பார்த்ததில்லை. கடைசியாக 2023 மே மாதம் லீட்ஸ் அவரைக் கூப்பிட்டது. மிச்சம் இருந்ததோ நாலு மேட்ச். கிடைத்தது ஒரு டிரா, மூன்று தோல்வி. லீட்ஸ் இறங்கிவிட்டது.

சரி, தெரிந்த ஆளைக் கூப்பிடுவது முட்டாள்தனமா? அப்படி அவசரமாகச் சொல்லிவிட முடியாது. 2017 நவம்பரில் வந்த மூவரில் அலர்டைஸ் எவர்ட்டனை எட்டாவது இடத்தில் கொண்டுவந்து விட்டார். மோயஸ் வெஸ்ட் ஹாமை 13-வது இடத்தில் நிறுத்தினார். மூன்றுக்கு இரண்டு பாஸ்.

ஆனால், அது மேனேஜரால் வந்த பாஸா? நெதர்லாந்தின் பொருளாதார நிபுணர் பாஸ் டெர் வீல், அந்த நாட்டு லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த மேனேஜர் மாற்றங்களை ஆராய்ந்திருக்கிறார். ஆளை மாற்றிய கிளப்கள் பிறகு தேறியது உண்மை. ஆனால், அதே மாதிரி சரிந்தும் ஆளை மாற்றாமல் இருந்த கிளப்களும் தேறியிருக்கின்றன. நம் ஊரில் ஜலதோஷத்தைப் பற்றிச் சொல்வோமே, மருந்து சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம். அந்தக் கதைதான்.

மூன்றாவது ஆள் பார்டியூவுக்கு வருவோம். வெஸ்ட் பிராமில் அவர் 18 லீக் மேட்ச்கள் நடத்தினார். ஜெயித்தது ஒன்று. 2018 ஏப்ரல் தொடக்கத்தில் அவரும் போனார். இனி ஒன்றும் ஆகாது என்ற நிலையில், ஒப்புக்கு ஒருவரை நிறுத்தி வைத்தார்கள். டேரன் மோர். அந்த கிளப்பின் முன்னாள் ஆட்டக்காரர், அங்கேயே கோச்சாக இருந்தவர். பெரிய கிளப் எதையும் அதுவரை நடத்தியதில்லை. மிச்சம் இருந்த ஆறு மேட்சில் மூன்றை ஜெயித்தார், இரண்டை டிரா செய்தார். தோற்கடித்த டீம்களில் மான்செஸ்டர் யுனைடெட்டும் ஒன்று. அதுவும் அவர்கள் மைதானத்திலேயே! லீக்கில் அந்த மாதத்தின் சிறந்த மேனேஜர் விருதும் கிடைத்தது. ஆனாலும் காலம் கடந்துவிட்டதால் கிளப் இறங்கிவிட்டது.

அந்த ஆறு மேட்சை வைத்து மோர் ஒரு மேதை என்று நான் சாதிக்க வரவில்லை. ஆறு மேட்ச் எதையும் நிரூபிக்காது. என் கேள்வி வேறு. அந்த மனிதர் பார்டியூ வருவதற்கு முன்பும் அதே கட்டடத்தில்தான் இருந்தார். கண்ணில் படவில்லை. மோர் கறுப்பினத்தவர். 1992-ல் பிரீமியர் லீக் ஆரம்பித்ததிலிருந்து மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்த கறுப்பினத்தவர்கள் மிகச் சிலர்தான். உள்ளே ஒரே நாலு பேர் மாறி மாறி உட்கார்ந்தால், வெளியே நிற்பவர்களுக்கு நாற்காலி எப்போது காலியாகும்?

வெஸ்ட் பிராம் பிறகு மோரை நிரந்தரமாக்கியது. 2019 மார்ச்சில் நீக்கியது. அப்போது கீழ் டிவிஷனில் டீம் நாலாவது இடத்தில் இருந்தது. நாலாவது இடம் போதவில்லையாம்! 2020-ல் ஸ்லாவன் பிலிச் என்பவர் கிளப்பை மறுபடி மேலே கொண்டுவந்தார். அதே டிசம்பரில் அவரையும் அனுப்பிவிட்டு போன் போட்டது யாருக்குத் தெரியுமா? நம்ம அலர்டைஸுக்கு. அடுத்த மே மாதம் கிளப் இறங்கியது.

நான் படித்தது பி.காம். அக்கவுன்டன்ஸி வகுப்பில் 'குட்வில்' என்று ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு கடைக்கு இருக்கிற நல்ல பெயர். கையால் தொட முடியாது, ஆனால் விலை உண்டு. அந்த குட்வில்லுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. மதிப்பு இறங்கிவிட்டால் கணக்கிலும் இறக்கிக் காட்டியாக வேண்டும். தெரிந்த ஆளின் பெயர் மட்டும் இந்த விதிக்குக் கட்டுப்படாது. எத்தனை முறை தோற்றாலும், கணக்கில் 'அனுபவம்' என்ற பெயரில் ஏறிக்கொண்டேதான் போகும்.

ஏன் அப்படி? கம்ப்யூட்டர் உலகத்தில் ஒரு பழைய ஜோக் உண்டு. ஐ.பி.எம். மெஷின் வாங்கியதற்காக எவனுக்கும் வேலை போனதில்லை என்பார்கள். மெஷின் ஓடாவிட்டால் ஐ.பி.எம்.மைத் திட்டுவார்கள். ஊர் பேர் தெரியாத கம்பெனியில் வாங்கி அது ஓடாவிட்டால், வாங்கினவனைத் திட்டுவார்கள். கிளப் முதலாளி அலர்டைஸை அழைத்துத் தோற்றால், 'பாவம், முடிந்ததைச் செய்தார்' என்று விட்டுவிடுவார்கள். பெயர் தெரியாத ஒருவரை அழைத்துத் தோற்றால், 'யாருய்யா இந்த ஆளைப் பிடிச்சது?' என்று கேட்பார்கள். ஆக, தெரிந்த ஆளை வாங்குவது ஜெயிப்பதற்காக மட்டும் இல்லை. தோற்ற பிறகு சொல்வதற்கு ஒரு பதில் கையில் இருக்க வேண்டும் என்பதற்காக.

இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம், நானே அதைச் செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பொறுப்பான பதவி ஒன்றுக்கு ஆள் எடுத்தோம். தேர்வு செய்ய மூன்று பேர், அதில் நானும் ஒருத்தன். கடைசியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் நாலைந்து பத்திரிகைகளில் அதே வேலையைப் பார்த்துவிட்டு வந்தவர். எந்த இடத்திலும் இரண்டு வருடம் தாண்டவில்லை. இன்னொருவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். அந்தப் பதவியில் அனுபவம் இல்லை. ஆனால், எங்கள் பத்திரிகையில் என்னென்ன தப்பு என்று பத்து நிமிடம் பேசினார். பேசியது அத்தனையும் சரி. அந்தப் பத்து நிமிடமும் நான் நெளிந்துகொண்டிருந்தேன்.

நாங்கள் எடுத்தது முதல் ஆளை. எட்டு மாதத்தில் அவர் வேறு இடத்துக்குப் போய்விட்டார், அதே பதவிக்கு! என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'அனுபவஸ்தர், என்ன செய்யறது, செட் ஆகலை' என்று முடித்துக்கொண்டோம். அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இந்த விஷயத்தில் என்னை உறுத்துவதே அதுதான். எடுத்த ஆளால் வந்த நஷ்டம் கணக்கில் வந்துவிடும். எடுக்காமல் விட்ட ஆளால் வந்த நஷ்டம் எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராது.

புது ஆள் தோற்றதே இல்லையா என்று கேட்பீர்கள். தாராளமாகத் தோற்றிருக்கிறார். 2017-ல் கிரிஸ்டல் பேலஸ் திருந்திவிட்டதாக நினைத்து, நெதர்லாந்தில் நாலு வருடம் தொடர்ந்து சாம்பியன் பட்டம் ஜெயித்த ஃபிராங்க் டி போயரைக் கொண்டுவந்தது. நாலு லீக் மேட்ச், நாலு தோல்வி. ஒரு கோல்கூட இல்லை. 77-வது நாள் வெளியே. பழையபடி ஒரு தெரிந்த முகம் வந்தது. இங்கிலாந்து தேசிய அணியை நடத்திய ராய் ஹாட்ஜ்சன், வயது 70. அவரும் முதல் மூன்று லீக் மேட்சில் தோற்றார், ஒரு கோலும் இல்லாமல். (எதிரில் வந்த மூவரில் இரண்டு பேர் மான்செஸ்டர் கிளப்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) ஆனால், அவரை யாரும் தொடவில்லை. அடுத்த மேட்சில் செல்ஸியை ஜெயித்தார். சீஸன் முடிவில் பேலஸ் 11-வது இடம்.

கவனித்தீர்களா? தெரிந்த ஆளுக்கு நாம் கொடுப்பது வேலை மட்டும் இல்லை, பொறுமையும் சேர்த்துத்தான். புது ஆளுக்கு வேலையைக் கொடுத்தாலும் பொறுமையைக் கொடுப்பதில்லை. பிறகு, 'பார்த்தியா, புது ஆள் சரிப்படாதுன்னு சொன்னேனே' என்கிறோம். மோயஸே இதற்குச் சாட்சி. 2018-ல் வெஸ்ட் ஹாம் அவரை ஆறே மாதத்தில் அனுப்பிவிட்டது. 2019 டிசம்பரில் திரும்ப அழைத்து, இந்த முறை நாலு வருடத்துக்கு மேல் வைத்துக்கொண்டது. 2023-ல் ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக் கோப்பையை ஜெயித்துக் கொடுத்தார்.

நம்ம ஊரிலும் ஒரு கதை உண்டு. சென்னையின் எஃப்.சி. 2019 டிசம்பரில் ஓவன் கோயலைக் கொண்டுவந்தது. இந்தியாவுக்கு அவர் புது ஆள். தடுமாறிக்கொண்டிருந்த டீமை அந்த சீஸனிலேயே ஃபைனலுக்குக் கொண்டுபோனார். 2023-ல் மறுபடி அழைத்தார்கள், இப்போது தெரிஞ்ச ஆள். 2024-25 சீஸனில் 13 டீமில் 11-வது இடம். ஆள் ஒருத்தர்தான். பழைய வெற்றியை அவரோடு பார்சல் கட்டிக் கொண்டுவர முடியவில்லை.

கடைசியாக மறுபடி கிரிஸ்டல் பேலஸ். 2024 பிப்ரவரியில், இரண்டாவது முறையாக வந்திருந்த ஹாட்ஜ்சனுக்குப் பிறகு, ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஆலிவர் கிளாஸ்னரை எடுத்தது. ஜெர்மனியில் பெயர் வாங்கியவர்தான், ஆனால் இங்கிலாந்துக்குப் புதுசு. 2024-25 சீஸனின் முதல் எட்டு லீக் மேட்சில் ஒரு வெற்றியும் இல்லை. டி போயரை நாலாவது மேட்சில் அனுப்பிய அதே சேர்மன் ஸ்டீவ் பாரிஷ்தான் அப்போதும் சேர்மன். இந்த முறை அவர் போனைக் கையில் எடுக்கவில்லை. ஒன்பதாவது மேட்சில் முதல் வெற்றி வந்தது. 2025 மே 17 அன்று வெம்ப்ளி மைதானத்தில் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பையை ஜெயித்தார்கள். 1905-ல் ஆரம்பித்த கிளப்பின் முதல் பெரிய கோப்பை அது.

நாளைக்கு உங்கள் மேஜையிலும் இரண்டு பயோடேட்டாக்கள் வந்து நிற்கும். தெரிஞ்ச ஆளை எடுக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். எடுங்கள். ஆனால், 'இவர் போன இடத்தில் என்ன செய்தார்?' என்று ஒரு தடவை கேட்டுவிட்டு எடுங்கள்.

புது ஆளை எடுத்தீர்களென்றால் எட்டு மேட்ச் பொறுத்துக்கொள்ளுங்கள். சாம்பாரில் முதல் நாளே உப்பு சரியாக இருக்க வேண்டும் என்று அவரிடம் மட்டும் ஏன் கேட்கிறோம்?