அமுதசுரபியும் அடுப்பங்கரையும்

சைவ அன்பர் பலர் மணிமேகலை என்னும் பௌத்த காப்பியத்தைக் கையிலெடுத்தவுடன் 27-ஆவது காதையையே முதலிற் புரட்டுகின்றனர். வஞ்சி மாநகரிற் சமயக்கணக்கர் பலரையும் கண்டு அவரவர் கொள்கையை வினாவும் மணிமேகலை, சைவவாதியின் கூற்றைச் சில அடிகளிற் கேட்டு அப்பாற் செல்கின்றாள். நம் சமயத்தைச் சாத்தனார் இத்துணைச் சுருக்கமாகக் கூறியொழிந்தாரே என்று மனம் வருந்தி ஏட்டைக் கட்டிவைத்துவிடுவாரும் உளர். அவ்வருத்தம் நியாயமானதே. ஆயினும் 30 காதைகளுள் ஒன்றுகொண்டு நூல் முழுவதையும் தள்ளிவிடுதல் கற்றார்க்கு அழகாகாது. திருவாவடுதுறை ஆதீனத்தின் நிழலிற் பயின்ற உ. வே. சாமிநாதையரவர்களே 1898-ஆம் ஆண்டில் இந்நூலை அரும்பதவுரையுடன் அச்சிட்டு, புத்த சரித்திரம் முதலியவற்றையும் உடன்சேர்த்து உதவினார்கள். அதனால் அவர்களுடைய சைவப்பற்றுக்குக் குறையொன்றும் நேர்ந்ததில்லை.

பௌத்தர் போற்றும் கருணை நாள்தோறும் நிகழும் ஒழுக்கமாவது எங்ஙனம் என்பதை இந்நூலில் எவ்விடத்துக் காணலாம்? 29-ஆவது காதையின் அளவை நூற் செய்திகள் வடமொழி நியாயப்பிரவேசத்தோடு பெரிதும் ஒத்திருத்தலை ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டியுள்ளனர். அவை தருக்கம் கற்பார்க்குப் பயன்படும்; செய்யுளென்ற வகையில் வறட்சியுடையனவே என்பது எமது கருத்து. புலவரது நெஞ்சம் குடிகொண்டிருப்பது பிச்சையோட்டின் வரலாற்றிலேயாம்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படுவதுண்டு. அமுதசுரபியோ எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். குறையாததைக் கொடுப்பவர்க்கு இழப்பென்னை? நாழியரிசி கொண்டு நால்வர்க்கு உணவிடும் இல்லறத்தார்க்கு இக்கதையாற் பயனென்னை? தடை வலியதே. இதற்கு விடை, பாத்திரம் தோன்றுவதற்கு முன் நிகழ்ந்ததை நோக்கின் கிடைக்கும். வேள்விக்கெனக் கட்டிய பசுவை விடுவித்தமையால் ஊராரால் ஒறுக்கப்பட்டுத் தென்மதுரை புகுந்த ஆபுத்திரன், சிந்தாதேவி கோயில் வாயிலின் அம்பலத்திற் றங்கினான். வீடுதோறும் இரந்து பெற்ற உணவைக் கொணர்ந்து, கண்ணிலார், செவியிலார், காலிழந்தார், நோயுற்றார், பேணுவாரற்றார் அனைவரையும் கூவியழைத்து ஊட்டி, அவர் உண்டு எஞ்சியதைத் தானுண்டு, அவ்வோட்டையே தலையணையாகக் கொண்டு துயின்றான். அப்பொழுது அவன் கையிலிருந்தது வெற்றோடு. அற்புதம் ஏதுமில்லை, ஒருநாள் இரந்தது ஒருநாளைக்கே காணும். இவ்வொழுக்கம் நாடோறும் தவறாது நடந்தபின்னரே, மழை பெய்யும் நள்ளிரவிற் பசியோடு வந்தார்க்கு இடுதற்கொன்றுமின்றி அவன் ஏங்கியபோது, தேவி பாத்திரம் அளித்தாள். ஆகவே பாத்திரம் கருணையைப் பிறப்பித்ததன்று. முன்னரே இருந்த கருணைக்குத் துணையாய் வந்தது.

பின்னர் மணிபல்லவத்தில் வைகாசி விசாகத்தன்று கோமுகிப் பொய்கையினின்றெழுந்து மணிமேகலை கையை அடைந்த காலத்தும், அது முதற்பிச்சையை வேண்டி நிற்கின்றது. ஆதிரை என்னும் இல்லத்தரசி தன் அட்டிலிற் சமைத்த சோற்றை, உலகெங்கும் பசிப்பிணி ஒழிக என வாழ்த்தி இடுகின்றாள். அதன்பின்னரே பாத்திரம் சுரக்கின்றது. அவள் கணவன் சாதுவனோ சூதாலும் பரத்தையாலும் பொருளிழந்து கடல்கடந்து சென்றவன். துன்பத்தைத் தானே பட்டறிந்த ஒரு பெண்ணின் அடுப்பங்கரையில் இவ்வறம் தொடங்குமாறு அமைத்த சாத்தனாரின் நுண்ணறிவை நாம் வியவாதிருக்கலாகாது.

அரசன் வரங் கொள்கவென்றபோது மணிமேகலை தனக்கென ஒன்றும் கேளாது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு வேண்டியது பலரும் அறிந்ததாதலின் ஈண்டு விரித்திலம்.

நாம் நின்று நோக்கற்பாலது, மகனை இழந்த இராசமாதேவியிடம் அவள் உரைத்தது. தன்னை மயக்கவும் மானங்கெடுக்கவும் பட்டினியாற் கொல்லவும் முயன்றவளை நோக்கி அவள் வைதிலள். நீ அழுதது உடம்பிற்கா, உயிர்க்கா என வினாவி, உடம்பிற்காயின் அதனைப் புறங்காட்டிலிட்டவர் யாவர் என்றும், உயிர்க்காயின் அது புக்க இடம் அறிதற்கரிதாகலின் எல்லாவுயிர்க்கும் இரங்குதல் வேண்டுமென்றும் தெருட்டுகின்றாள். சிவஞானசித்தியார் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் சௌத்திராந்திகர் முதலிய பௌத்தர் நால்வரையும் மறுத்தமை நம்மனோர் அறிவர். ஐங்கந்தங்களின் தொடர்ச்சியே உள்ளது, நிலையான உயிர் இல்லை என்னும் மதத்தார், ஓருடம்பு விட்டு மற்றோருடம்பிற் புகும் உயிரைப் பற்றி எங்ஙனம் பேசலாம்? உலகவழக்கு வேறு, பரமார்த்தம் வேறு என்று அவர் விடை கூறுவர். கூறுக. மகனையிழந்த தாயின் முன் நின்றபொழுது கந்தங்களின் கணக்கு உதவாமல், உயிரென்னும் சொல்லே வேண்டப்பட்டது என்பதை மட்டும் நாம் குறித்துக்கொள்வோம். கொள்கையில் நமக்கும் அவர்க்கும் உள்ள பிணக்கு இதனால் தீர்ந்திலது. ஆயினும் பகைத்தவளுக்கு இரங்கிய அவ்வொழுக்கத்தைப் பழித்தற்கு நமக்கு இடமில்லை. சாக்கிய வேடத்தைக் களையாமலே சிவலிங்கத்தின்மேற் கல்லெறிந்து வழிபட்டாரை நாயன்மாருள் வைத்துப் பாடிய சேக்கிழார் பெருமான் வழிவந்தோமன்றோ?

இன்னும் ஓர் ஒப்புமை. மழை பொழியும் நள்ளிரவு, பசித்து வந்த விருந்து, இடுதற்கில்லாத கை: இம்மூன்றும் இளையான்குடிமாற நாயனார் வரலாற்றிலும் உள்ளன. ஆபுத்திரனுக்குத் தேவி பாத்திரம் ஈந்தாள். மாறனாரோ பகலில் விதைத்த நெல்லையே இருளில் வாரிக்கொணர்ந்தார். அவர் மனைவியார் கூரையிலிருந்து அறுத்த வரிச்சுமரத்தை விறகாக்கி அடுதல் செய்தார். நாளைய விளைவையும் இன்றைய கூரையையும் ஒருங்கே இழந்து இட்ட சோறு அது. இரண்டனுள் எமது நெஞ்சம் மாறனார் பக்கமே சாயும், மறைப்பானேன்?

சாத்தனாரிடத்து நாம் முற்றும் உடன்படாத இடம் ஒன்றுண்டு. நாடு மழைவளத்தாற் செழித்துப் பசித்தாரின்றி ஒழிய, அம்பலம் வீணர்க்கு உறையுளாயிற்று. ஆபுத்திரன் பஞ்சமுற்ற சாவகம் நோக்கிக் கப்பலேறினான்; இடையே மணிபல்லவத்தில் அவனை விட்டுக் கப்பல் போயிற்று. கொடுப்பாரைக் காணாது வருந்தும் இரவலரைப் பல நூல்களிற் காண்கின்றோம். கொள்வாரைக் காணாது வருந்தும் ஈகையாளனைக் காட்டியது இந்நூலின் தனிச்சிறப்பு. ஆனால் அவன் பாத்திரத்தைப் பொய்கையிலிட்டு உண்ணாநோன்பால் உயிர்விட்டதனைப் புலவர் பெருமையாகக் கூறுகின்றார். உடம்பு இறைவன் உயிர்க்கு உதவிய கருவி என்னும் நம்மால் அது கொள்ளற்பாலதன்று. மாணாக்கர்க்கு இந்நூல் கற்பிக்கும் ஆசிரியர்கள் 13 முதல் 16 வரையுள்ள காதைகளை முதற்கண் பயிற்றி, இவ்விடத்தில் நிறுத்தி, இருபக்க நியாயங்களையும் அவரே ஆராயுமாறு விடுவாராக. 27-ஆவது காதை அதன்பின் வரட்டும்.