பேகன் கொடுத்த போர்வை

சென்ற ஆடி மாதம் குச்சனூரிலிருந்து ஒரு வாசகியின் கடிதம் வந்தது. பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய சிறுகதை ஒன்றை அவருடைய மகன் பள்ளிக்கூட நூலகத்தில் எடுத்துப் படித்திருக்கிறான். மரத்திலிருந்து விழுந்த காக்கைக் குஞ்சு ஒன்றை ஒரு சிறுவன் வீட்டுக்கு எடுத்து வந்து, பாலும் சோறும் ஊட்டி வளர்த்து, சிறகு பலப்பட்டதும் பறக்க விடுகிற கதை அது. பறந்துபோன காக்கை தினமும் உச்சிவேளையில் முற்றத்துக்கு வந்து அவன் கையிலிருந்தே சோறு வாங்கித் தின்னும். இதைப் படித்த பையன் தானும் ஒரு புளியமரத்தடியிலிருந்து ஒரு குஞ்சைக் கொண்டு வந்துவிட்டானாம். "கதையில் உள்ளபடியே பாலும் சோறும் கொடுக்கிறோம். நேற்றிலிருந்து வாயைத் திறக்க மறுக்கிறது. தாங்கள் அந்தப் பறவைக்கு வேறு ஏதாவது கொடுத்தீர்களா?" என்று அந்த அம்மாள் கேட்டிருந்தார்.

கதாசிரியனைத் தலைகுனிய வைக்க இதைவிட எளிய கேள்வி கிடையாது. அந்தக் கதைக்கு ஆதாரமாக இருந்த குஞ்சு நான்காம் நாள் செத்துப்போயிற்று.

கடிதத்தில் இருந்த எண்ணுக்கு உடனே பேசினேன். என்ன பேசினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பறவை வளர்ப்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரையும் பிடித்திருக்கும் ஒரு வியாதியைப் பற்றி அதற்கு முன் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த வியாதி எனக்கும் உண்டு என்பதால் தைரியமாகவே சொல்லலாம்.

அந்தச் சம்பவம் நடந்ததும் குச்சனூரில்தான், என் அத்தை வீட்டில். சுரபி நதிக்கரையில் சனீசுவரர் சுயம்புவாகக் கோயில் கொண்டிருக்கும் ஊர் அது. ஆடிச் சனிக்கிழமைகளில் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து குவிவார்கள். காக்கை சுவாமியின் வாகனம். அதனால் மற்ற ஊர்களில் வடாம் காயப்போட்ட இடத்தில் அதற்குக் கிடைக்கும் வசவு இங்கே கிடையாது. அப்படிப்பட்ட ஊரில், ஆடிக் காற்றில் விழுந்த ஒரு குஞ்சு என் கையில் கிடைத்தபோது, பெரிய புண்ணியம் ஒன்று என்னைத் தேடி வந்ததாகவே நினைத்தேன். வீட்டுக்கு எடுத்து வந்தேன். இரண்டு காக்கைகள் என் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு வந்தன.

அத்தை வாசலில் நின்று பார்த்தாள். "ஏப்பா, அதோட ஆத்தா அங்கனதானே கத்திக்கிட்டுத் திரியுது? கொண்டு போயி மரத்து மேல வச்சிரு" என்றாள்.

நான் கேட்கவில்லை. படித்தவன் அல்லவா? ஒரு அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்தேன். பசும்பாலைக் கரண்டியில் எடுத்து அலகுக்குள் ஊற்றினேன். பாலைச் செரிக்கும் சக்தி பறவையின் வயிற்றுக்குக் கிடையாது. குஞ்சின் வாயில் நீர்ப்பண்டத்தை ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இரண்டும் பின்னால்தான் எனக்குத் தெரிந்தன. இன்னொரு விஷயமும் பின்னால்தான் தெரிந்தது. சிறகு முளைத்துத் தத்தித் தத்திப் பறக்கப் பழகும் குஞ்சு தரையில் கிடப்பது பெரும்பாலும் சகஜமான காரியம். தாயும் தகப்பனும் பக்கத்திலிருந்தே அதற்கு இரை கொடுத்துக்கொண்டிருக்கும். அது அநாதை அல்ல. நான் எடுத்துக்கொண்டு போன நிமிஷத்தில்தான் அது அநாதையாயிற்று.

அது காக்கைக் குஞ்சுதானா என்பதுகூட எனக்கு நிச்சயமில்லை. குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும். காக்கைக் குஞ்சுகளுக்கு முன்பே குயில் குஞ்சு பொரிந்துவிடும். காக்கை பேதம் பார்க்காமல் அதற்கும் ஊட்டும். பிறர் பிள்ளையை வளர்ப்பதில் காக்கையைவிடக் கைதேர்ந்த ஜீவன் நம் நாட்டில் இல்லை. அப்படிப்பட்ட தாயிடமிருந்து பிடுங்கித்தான் நான் வளர்க்கக் கிளம்பினேன்.

பிறகு கதை எழுதினேன். கதையில் குஞ்சு பிழைத்தது. அதற்காக நான் வருத்தப்படவில்லை. செத்ததைப் பிழைக்க வைக்கக் கதாசிரியனுக்கு உரிமை உண்டு. ஆனால் தலைக்கு மேல் கத்திய அந்த இரண்டு காக்கைகளையும் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். அத்தை சொன்ன வார்த்தையையும் எடுத்துவிட்டேன். அவை இருந்தால் என் சிறுவன் கருணை உள்ளவனாக இருக்க முடியாது, திருடனாகிவிடுவான். அந்தக் கதையின் பொய் அங்கேதான் இருக்கிறது. பறவை தினமும் திரும்பி வருவதாக எழுதிய முடிவு அந்தப் பொய்க்குக் கிடைத்த கூலி.

இதற்கு நம் இலக்கியத்தில் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. கடையெழு வள்ளல்களில் ஒருவனான பேகன், தேனிப் பக்கத்துக்கு வடக்கே நிற்கும் பழனி மலைக்கு உரியவன். மயில் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துப் போர்வையைக் கொடுத்தான். பள்ளிக்கூடத்தில் இதைக் கொடைக்கு உதாரணமாகப் படித்தோம். மயிலுக்கு அந்தப் போர்வையால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது பரணருக்கும் தெரியும், தெரிந்தேதான் புகழ்ந்தார். கொடைமடம் என்று அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது. ஆனால் பாடப்புத்தகம் அதோடு நிறுத்திக்கொள்கிறது, புறநானூறு நிறுத்தவில்லை. அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறிடத்தில் இருந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் அவளுக்காகப் பேசினார்கள். பரணர் பாட்டு ஒன்றில் மயிலும் வருகிறது. அழுகிற மனைவியும் வருகிறாள். தமக்குப் பரிசில் வேண்டாம், இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரத்தைத் தீர்க்க வேண்டும் என்பதே அவர் கேட்ட பரிசில்.

போர்வையைப் பாடிய வாயாலேயே, 'அது யாருக்காகக் கொடுத்த போர்வை?' என்று கேட்கிற துணிவு அந்தப் புலவர்களுக்கு இருந்தது. பறவையிடம் காட்டும் இரக்கத்துக்கு எந்தக் கணக்கும் கொடுக்க வேண்டியதில்லை. பறவை பேசாது, குறை சொல்லாது. ஆகவே நம்மைப் பற்றி நாமே நல்லபடியாக நினைத்துக்கொள்வதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. பறவை வளர்ப்பைப் பற்றிய புத்தகம் எதை எடுத்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: போர்வை மயிலுக்கா, பேகனுக்கா?

கிளேர் கிப்ஸ் என்ற ஆங்கில மாது 1953இல் 'ஸோல்ட் ஃபார் எ ஃபார்திங்' என்று ஒரு சிறு நூல் எழுதினார். யுத்த காலம், 1940ஆம் ஆண்டு. லண்டனில் தம் வீட்டு வாசலில் கண் திறக்காத சிட்டுக்குருவிக் குஞ்சு ஒன்றைக் கண்டெடுத்தார். அது பன்னிரண்டு வருஷம் அவரோடு வாழ்ந்தது. அவர் பியானோ வாசித்தால் கூடவே பாடும். விமானத் தாக்குதல் என்று சொன்னால் அவருடைய குவித்த கைக்குள் ஓடி ஒளிந்து வித்தை காட்டும். படிக்கும்போது மனம் இளகாமல் இருக்க முடியாது. அந்த அம்மாளிடம் நேர்மையும் இருக்கிறது: சிறகும் காலும் ஊனமான பறவை, வெளியே பிழைக்காது என்று சொல்லியே வளர்க்கிறார். பொய் இல்லை. ஆனாலும் புத்தகத்தை மூடும்போது நம் மனத்தில் நிற்பது குருவியா, தனிமையில் இருந்த ஒரு பெண்மணியா என்று கேட்டால், பெண்மணி என்றுதான் நான் சொல்வேன். அதில் தவறில்லை. அது ஒரு பெண்ணின் சரித்திரம்; நல்ல சரித்திரம்.

கோன்ராட் லோரென்ஸ் எழுதிய 'கிங் ஸாலமன்ஸ் ரிங்' வேறு ரகம். 1949இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்து, 1952இல் ஆங்கிலத்துக்கு வந்தது. இவர் பின்னால் 1973இல் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி. முட்டையிலிருந்து வெளிவந்த வாத்துக் குஞ்சு முதலில் எதைக் காண்கிறதோ அதையே தாயாகக் கொண்டுவிடும் என்று விளக்கியவர். காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ஜாக்டா என்ற பறவையைக் கையால் வளர்த்தபோது அது பருவம் வந்ததும் மனிதரையே ஜோடியாக எண்ணிவிட்டது. காதலிக்கு ஊட்டுவதைப்போல் புழுக்களை மசித்து அவர் வாயில் திணிக்கப் பார்த்ததாம். அவர் வாயை மூடிக்கொண்டால் காதுக்குள் அடைத்துவிடுமாம். நாம் சிரிக்கிறோம். சிரித்து முடித்த பிறகு சங்கடமாக இருக்கிறது. அன்பினால் ஒரு பறவையைத் தன் இனத்தையே மறக்க வைத்துவிடலாம் என்ற உண்மையை, உபதேசம் எதுவும் செய்யாமல், காதில் நுழைந்த ஒரு புழுவைக் கொண்டு அவர் காட்டிவிடுகிறார். எழுத்தாளனாக எனக்கு அவரிடம் பொறாமை உண்டு.

நம் நாட்டிலேயே இது சமீபத்தில் நடந்தது. உத்தரப் பிரதேசத்தில் அமேதி மாவட்டத்து உழவர் ஒருவர் 2022இல் கால் முறிந்த சாரஸ் கொக்கு ஒன்றைக் காப்பாற்றினார். குணமான பிறகும் அது அவரைவிட்டுப் போகவில்லை. அவர் மோட்டார் சைக்கிளில் போனால் பின்னாலேயே பறந்து வந்தது. 2023 மார்ச்சில் வனத்துறையினர் அதைக் கொண்டுபோனார்கள். கடைசியில் கான்பூர் மிருகக்காட்சிசாலையில் அடைத்தார்கள். அங்கே அவர் பார்க்கப் போனபோது கூண்டுக்குள் அது இறக்கையை அடித்துக்கொண்டு துள்ளியதை நாடே பார்த்தது. சட்டத்தையும் அன்பையும் எதிரெதிரே நிறுத்திப் பத்திரிகைகள் எழுதின. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கொக்குக்கு ஜோடி என்று ஒன்று கிடைக்குமா என்ற கேள்வி, அந்த ஆரவாரத்தில் அநேகமாக யார் காதிலும் விழவில்லை.

அதனால்தான் ஷௌனக் சென் 2022இல் எடுத்த 'ஆல் தட் ப்ரீத்ஸ்' என்ற படத்தை நான் உயர்வாக மதிக்கிறேன். டில்லியில் நதீம் ஷெஹ்சாத், முகம்மது சவுத் என்ற சகோதரர்கள் தங்கள் நிலவறைப் பட்டறையில் அடிபட்ட பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். மாமிசம் தின்னும் பறவை என்று பறவை மருத்துவமனை ஒன்று ஏற்க மறுத்ததுதான் அவர்களுடைய ஆரம்பம். மாஞ்சா நூலில் அறுபட்ட சிறகுகள், அட்டைப்பெட்டிகள், இறைச்சி அரைக்கும் யந்திரம், பணத் தட்டுப்பாடு, சகோதரச் சண்டை எல்லாம் படத்தில் உண்டு. நன்றியுள்ள பருந்து மட்டும் கிடையாது. மாடியில் நிற்கும் உதவியாளனுடைய மூக்குக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டு போகிற பருந்துதான் உண்டு. குணமான பறவை போய்விடுகிறது. அடுத்த பெட்டியைத் திறக்கிறார்கள். இந்தச் சகோதரர்கள் பேகனைப்போல் போர்த்துகிறவர்கள் அல்ல. தைத்து அனுப்புகிறவர்கள்.

தமிழில் பறவையைப் பறவையாகவே பார்த்து எழுதியவர் மா. கிருஷ்ணன் (1912–1996). 'மழைக்காலமும் குயிலோசையும்' தொகுதியைப் படித்தால், பறவை என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கத் தெரிந்த ஒருவரைக் காணலாம். பேசாமல் இருப்பது கதாசிரியர்களாகிய எங்களுக்குக் கைவராத வித்தை. கைவந்தால் எங்கள் கதைகளில் குஞ்சுகள் கொஞ்சம் அதிகமாகச் சாகும். வீடுகளில் கொஞ்சம் குறைவாகச் சாகும்.

இனி அந்தக் கடிதம். தொலைபேசியில் முதல் கேள்வியாக, காக்கைகள் வருகின்றனவா என்று கேட்டேன். "ஓட்டு மேலயே உக்காந்து கத்துதுங்க ஐயா. பையன் வெளிய போனா மண்டையில கொத்த வருது" என்றார் அந்த அம்மாள். பாலை நிறுத்தச் சொன்னேன். ஒரு ஓலைப்பெட்டியில் குஞ்சை வைத்துப் பூனைக்கு எட்டாத கிளையில் கட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுங்கள், சாயங்காலம்வரை காக்கைகள் கிட்டே வராவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள் என்றேன். என் அத்தை சொன்னதற்கு மேல் நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் பேசினேன். அன்று சாயங்காலம் ஒரு காக்கை வந்து ஊட்டியதைப் பார்த்தார்களாம். மறுநாள் காலையில் பெட்டி காலியாக இருந்தது. பறந்ததா, கீழே விழுந்து பூனை வாயில் போயிற்றா, தெரியாது. பையன் தினமும் உச்சிவேளையில் முற்றத்தில் சோறு வைத்துவிட்டுக் காத்திருக்கிறான் என்றார். "உங்க கதையில வர்ற மாதிரியேங்க ஐயா."

பையனிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். என் குஞ்சு நான்காம் நாள் செத்ததை முதன்முதலாக அவனிடம்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை.

"அப்பறம் ஏன் சார் பறந்துருச்சுன்னு எழுதுனீங்க?" என்றான்.

அவனுக்குச் சொல்லத் தெரியாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.